முன் இருக்கையில் அப்பா

1

எங்கள் டிப்போவில் என் பெயர் தெரியாதவர்கள் சிலர் இருக்கலாம். என் அப்பாவைத் தெரியாதவர்கள் கிடையாது.

ஹாம்பர்க் நகரப் பேருந்தில் நான் ஓட்டுநராகச் சேர்ந்து போன வெள்ளிக்கிழமையோடு ஐந்து வருடம் நிறைந்தது. இந்த நாட்டில் விசேஷம் யாருக்கோ அவர்தான் கேக் கொண்டுபோக வேண்டும். பிறந்தநாள்காரர் தன் கேக்கைத் தானே சுமந்துகொண்டு அலுவலகத்துக்குள் நுழைவதை முதல் வருடம் பார்த்தபோது பாவமாக இருந்தது. இப்போது நானும் சுமக்கிறேன். கருப்பட்டி போட்டு ஒரு கேக் செய்து எடுத்துப்போனேன். மேலாளர் யென்ஸ் என் சட்டையில் சின்னதாக ஒரு வில்லையைக் குத்திவிட்டு, கையைக் குலுக்கி, உடனே கேட்டார்: "உங்கள் அப்பா இந்தக் கோடைக்கு வருகிறாரா?"

பக்கத்தில் நின்ற டனுட்டா, போலந்துக்காரி, என் தோழி, வாயில் கேக்கோடு சொன்னாள்: "வந்தால் இந்த முறை என் வண்டியில்தான் ஏற வேண்டும். நானும் எவ்வளவு நன்றாக ஓட்டுகிறேன் என்று அவர் எழுதட்டும்."

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் இதை எழுத உட்கார்ந்தேன். ஊரில் பலருக்கு இந்தக் கதை பாதிதான் தெரியும். தெரிந்த அந்தப் பாதியிலும் நான் சொன்ன பொய் கொஞ்சம் கலந்திருக்கிறது.

2

அப்பா தனசிங், தூத்துக்குடித் துறைமுகத்தில் முப்பத்து நான்கு வருடம் வாட்டர் கிளார்க். அப்படி ஒரு வேலை இருப்பது தூத்துக்குடியிலேயே பாதிப் பேருக்குத் தெரியாது. வெளிநாட்டுக் கப்பல் ஒன்று வந்தால், கப்பல் ஏஜென்சி சார்பில் முதலில் ஏறிப் போய்க் கேப்டனைப் பார்ப்பவர் அவர். கப்பலின் காகிதங்களை வாங்குவது, சுங்க அதிகாரிகளை அழைத்துப்போவது, குடிதண்ணீர், காய்கறி, பல் வலிக்கிற மாலுமிக்கு டாக்டர் என்று எல்லாவற்றையும் ஏற்பாடு செய்வது அவர் பொறுப்பு. இதனால் அப்பாவுக்குப் பதினான்கு மொழிகளில் வணக்கமும் நன்றியும் தெரியும். மூன்றாவது வார்த்தை எந்த மொழியிலும் தெரியாது.

அம்மா சாத்தான்குளத்தில் டீச்சர். எங்கள் வீடு இருக்கிற முத்தையாபுரத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்துப் போய்விடுவார். அதனால் என்னைப் பள்ளிக்குக் கிளப்புகிற வேலை அப்பாவுடையது. இரட்டைச் சடை பின்னத் தெரியாமல் முதல் மாதம் திணறியிருக்கிறார். பிறகு ஒரு பிலிப்பைன்ஸ் மாலுமியிடம் கயிறு பின்னக் கற்றுக்கொண்டு வந்தார். அந்தச் சடை மறுநாள் காலை வரை அவிழாது. அவிழ்க்கவும் முடியாது. அம்மா சாயந்திரம் வந்து சீப்பை வைத்துக்கொண்டு கத்துவார்: "பிள்ளை தலைல என்ன கப்பலயா கட்டப் போறீங்க?"

மற்ற பிள்ளைகள் நோட்டுகளுக்குக் காக்கி அட்டை போட்டுக்கொண்டு வருவார்கள். என் நோட்டுகளுக்குக் கப்பல்களில் கழித்துப்போட்ட கடல் வரைபடங்கள்தான் அட்டை. கணக்கு நோட்டில் ஏதோ ஒரு வளைகுடா, வரலாற்று நோட்டில் ஏதோ ஒரு தீவுக்கூட்டம். எங்கு பார்த்தாலும் ஆழத்தைக் குறிக்கிற குட்டிக் குட்டி எண்கள். வகுப்பில் எல்லோரும் என் நோட்டை வாங்கிப் பார்ப்பார்கள், உள்ளே இருக்கிற கணக்குக்காக இல்லை.

ஒன்று சொல்ல வேண்டும். பத்தாம் வகுப்பு ரிசல்ட்டிலிருந்து பொறியியல் கல்லூரி வரை என்னிடம் அவர் எத்தனை மார்க் என்று கேட்டதே இல்லை. போர்டைப் பார்த்துவிட்டு நான் வெளியே வரும்போது பள்ளிக்கூட வாசலில் ஸ்கூட்டரோடு நிற்பார். முகத்தைப் பார்ப்பார். நன்றாக இருந்தால் ஐஸ்கிரீம் கடை. நன்றாக இல்லாவிட்டாலும் ஐஸ்கிரீம் கடை, ஆனால் பெரிய கிண்ணம்.

இப்படிப்பட்டவரிடம் பொய் சொல்லத் தோன்றுமா? எனக்குத் தோன்றியது. நான்கு வருடம் சொன்னேன்.

3

கல்யாணமாகி, கணவர் பிரபுவின் வேலைக்காக ஹாம்பர்க் வந்து ஒன்பது வருடமாகிறது. முதல் அலுவலகத்தில் முதல் கேள்வி: "உங்கள் குடும்பப் பெயர் என்ன?"

"எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது."

கண்ணாடி போட்ட அம்மாள் பேனாவைக் கீழே வைத்தார். "எல்லோருக்கும் குடும்பம் இருக்குமே."

கடைசியில் பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து எழுதியிருந்த அப்பாவின் பெயரே என் குடும்பப் பெயர் ஆனது. எஸ்தர் கிருபா என்று யாரும் கூப்பிடுவதில்லை. நான் ஃப்ரௌ தனசிங், அதாவது திருமதி தனசிங். பிரபுவுக்கு அவர் அப்பாவின் பெயர். மகள் ஜெனி பிறந்ததும் பிரபு அவளுக்குக் குடும்பப் பெயராகி நின்றார். எங்கள் தபால் பெட்டியில் மூன்று பெயர் ஒட்டியிருக்கும். தபால்காரர் ஒருநாள் மணி அடித்து, இந்தச் சின்ன வீட்டில் மூன்று குடும்பம் எப்படி இருக்கிறீர்கள் என்று அக்கறையோடு விசாரித்தார்.

என் எலக்ட்ரானிக்ஸ் பட்டத்தை இங்கே பாதிதான் ஏற்றுக்கொண்டார்கள். மீதிப் பாதிக்கு இரண்டு வருடம் படிக்க வேண்டும், அதற்கு முன் மொழித் தேர்வு. அதற்குள் ஜெனி. நூற்றுக்கு மேல் விண்ணப்பம் போட்டேன். "உங்கள் எதிர்காலம் சிறக்க வாழ்த்துகள்" என்று முடிகிற கடிதங்களாக வந்தன. பிறகு ஒருநாள் பேருந்திலேயே ஒரு விளம்பரம் பார்த்தேன். ஓட்டுநர்கள் தேவை, பயிற்சி நாங்களே தருகிறோம், பெண்கள் வரவேற்கப்படுகிறார்கள்.

விளையாட்டாகத்தான் போனேன். பயிற்சி வண்டியில் ஏறி உட்கார்ந்து, அந்தப் பெரிய ஸ்டியரிங்கைத் திருப்பியதும், எனக்குப் பின்னால் பதினெட்டு மீட்டர் வண்டி நடுவில் மடங்கி என் பேச்சைக் கேட்டுக்கொண்டு திரும்பியதும், பல மாதங்களுக்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் செய்முறைத் தேர்வில் முதல் தடவை போச்சு. இரண்டாவது தடவையும் போச்சு. பின்னால் எடுக்கும்போது கம்பத்தில் இடித்தேன். மூன்றாவது தடவை தேறினேன்.

அப்பாவிடம் எதையும் சொல்லவில்லை. வேலை கிடைத்ததும் போனில், "போக்குவரத்துத் துறைல வேல கெடச்சிருக்குப்பா" என்றேன். அது பொய்யில்லை. அப்பா அதை நாசரேத்தில் தன் தங்கை ரூபி அத்தையிடம் சொன்னார். சபைக் கூட்டத்தில் சொன்னார். ஒரு வாரத்தில் நான் ஜெர்மனியில் டிரான்ஸ்போர்ட் ஆபீசர் ஆகிவிட்டேன். அம்மா அப்போது படுக்கையில். அவரும் கேட்டுச் சந்தோஷப்பட்டார். அந்தச் சந்தோஷத்தோடுதான் போனார். அதற்குப் பிறகு திருத்துவதற்கு எனக்கு வாய் வரவில்லை. பொறியியல் படிக்க வைத்த மகள் பஸ் ஓட்டுகிறாள் என்று கேட்டால் அப்பா முகம் எப்படி ஆகும் என்று நானே ஒரு முகத்தைக் கற்பனை செய்துகொண்டு, அதற்குப் பயந்துகொண்டிருந்தேன்.

4

போன கோடையில் அப்பா நான்கு வாரத்துக்கு வந்தார். விசாவுக்கான உறுதிமொழிக் கடிதத்தில் அழைப்பவரின் வேலையைக் குறிப்பிட வேண்டும் என்பதால் பிரபுவைக் கையெழுத்துப் போட வைத்தேன். "எத்தன நாளைக்கு? பேசாம சொல்லிரு," என்றார் பிரபு. சொல்லவில்லை.

விமான நிலையத்திலிருந்து எல்லோரும் வெளியே வந்து அரைமணி நேரம் கழித்து அப்பா வந்தார், சிரித்துக்கொண்டே. கப்பல் சுங்கத்துக்குக் கொடுப்பதைப் போலவே தன் பெட்டிக்கும் ஒரு பட்டியலை டைப் அடித்து மூன்று பிரதி எடுத்து வந்திருக்கிறார். துப்பாக்கி: இல்லை. போதைப்பொருள்: இல்லை. புகையிலை: இல்லை. கருப்பட்டி: இரண்டு கிலோ. யாருமே கேட்கவில்லை. இவராகவே போய் நீட்டியிருக்கிறார்.

"அந்தப் பையன் கருப்பட்டியக் கல்லுன்னு நெனச்சிட்டாம்ளா. மோந்து பாருன்னேன். ஒரு துண்டு குடுத்தேன். தின்னுட்டு, லிஸ்ட்ல ஒரு காப்பி வச்சுக்கிடட்டுமான்னு கேக்கான்."

நான் ஒரு வருட வகுப்பில் படித்த மொழியை அப்பா ஒரே வார்த்தையில் தாண்டிவிட்டார். ஹாம்பர்க்காரர்கள் காலை, மத்தியானம், சாயந்திரம் எப்போதும் "மோயின்" என்றுதான் வணக்கம் சொல்வார்கள். புத்தகத்தில் இது கிடையாது. இந்த ஊர்க் கேப்டன்களிடம் அப்பா எப்போதோ கேட்டுவைத்திருந்தார். மத்தியானம் மூன்று மணிக்கு லிஃப்டில் எதிர்வீட்டுக் கிழவரைப் பார்த்து "மோயின்" என்றார். எட்டு வருடமாக எங்களிடம் தலையை மட்டும் அசைத்த அந்த மனிதர், அப்பாவை உள்ளே கூப்பிட்டுக் காபி கொடுத்தார்.

ஜெனிக்கு அப்போது ஏழு வயது. தமிழ் புரியும், பேச்சில் பாதி ஜெர்மன். ஜெர்மனில் ஓட்டுவதற்கும் வண்டியில் போவதற்கும் ஒரே வார்த்தைதான். அதனால் முதல் வாரமே, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, அவள் உண்மையைப் போட்டு உடைத்தாள்.

"தாத்தா, அம்மா பஸ் போறா. நாள் பூரா பஸ் போறா."

நான் சட்னிக் கிண்ணத்தை அப்பா பக்கம் தள்ளினேன். அப்பா தலையை ஆட்டினார். "பஸ்லதான் போறாளா? நல்லதுதான். கார் எதுக்கு, பெட்ரோல் விக்கிற வெலைல."

ஜெனி எதையோ திருத்த வாயெடுத்தாள். அப்பா அதற்குள் அவளைத் திருப்பி உட்காரவைத்துச் சடை பின்னத் தொடங்கிவிட்டார். அந்தச் சடையோடு அவள் பள்ளிக்குப் போய், மறுநாள் மூன்று தோழிகளை அழைத்து வந்தாள். தாத்தாவுக்கு முன்னால் வரிசையில் உட்கார்ந்தார்கள், மஞ்சள் முடியும் செம்பட்டை முடியுமாக.

நான் சீருடையைப் பையில் மறைத்து எடுத்துப்போய் டிப்போவில் மாற்றிக்கொண்டேன். வழக்கமாக நான் ஓட்டும் தடம் எங்கள் தெருமுனை வழியாகப் போகும். ஆபத்து. டனுட்டாவிடம் கெஞ்சி நான்கு வாரத்துக்குத் தடத்தை மாற்றிக்கொண்டேன். அவளுடையது ஊருக்கு நடுவிலிருந்து துறைமுகத்துக்குப் போகிற தடம்.

ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். முப்பத்து நான்கு வருடம் துறைமுகத்தில் வேலை பார்த்த மனிதர் இந்த ஊரில் தனியாக எங்கே போவார்?

5

மூன்றாவது வாரம், புதன்கிழமை, காலை பத்தரை இருக்கும். லேசான மழை. படகுத்துறை நிறுத்தத்தை நெருங்கும்போது வரிசையில் நான்காவதாக அந்தச் சாம்பல் நிற மஃப்ளரைப் பார்த்தேன். ஊரில் மார்கழியில் கட்டுகிற மஃப்ளர், இங்கே ஜூலையில்.

நிற்காமல் போய்விடலாமா என்று ஒரு கணம் தோன்றியது உண்மை. ஆனால் நிறுத்தத்தில் ஏழு பேர். பிரேக்கை மிதித்தேன். கதவு திறந்தது. இங்கே எல்லோரும் முன்கதவில் ஏறி ஓட்டுநரிடம் சீட்டைக் காட்ட வேண்டும். ஒருவர், இரண்டு பேர், மூன்று பேர். அப்பா படியில் நின்று குடையைப் பொறுமையாக மடக்கி, தண்ணீரை வெளியே உதறிவிட்டு, பிரபு வாங்கிக் கொடுத்த சீட்டை வலது கையில் நீட்டி, வாய் நிறையச் சொன்னார்:

"மோயின்!"

பிறகு நிமிர்ந்து பார்த்தார்.

"அப்பா," என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். ஸ்டியரிங்கைப் பார்த்தார். சீருடைச் சட்டையில் குத்தியிருந்த பெயர்வில்லையைப் பார்த்தார். அதில் தனசிங் என்று அவர் பெயர்தான் இருந்தது. உதடு அசைய ஒருமுறை வாசித்தார். அவருக்குப் பின்னால் மூன்று பேர் மழையில் நின்றார்கள். அப்பா அவர்களைத் திரும்பிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்:

"வழிய மறிச்சிக்கிட்டு நிக்கக் கூடாது. நீ வண்டிய எடு. நான் இங்கன உக்காருதேன்."

முன் இருக்கையில் உட்கார்ந்தார். ஓட்டுநரோடு பேசாதீர்கள் என்று எனக்கு மேலே ஒரு படம் ஒட்டியிருக்கும். அதைப் பார்த்திருக்க வேண்டும். ஒரு வார்த்தை பேசவில்லை. கண்ணாடியில் அவர் குடையும் முழங்காலும் மட்டும் தெரிந்தன. முகம் தெரியாததால் அவர் கோபமாக இருக்கிறாரா, அழுகிறாரா என்று தெரியவில்லை. நான்கு வருடமாக நான் கற்பனையில் பார்த்துப் பயந்த முகத்தை, இப்போது அவருக்கு நானே பொருத்திக்கொண்டு ஓட்டினேன்.

மூன்றாவது நிறுத்தத்தைத் தாண்டப் போனேன். அப்போதுதான் அவர் அந்தச் சட்டத்தை மீறினார்.

"ஏளா, ஒருத்தர் மணியடிச்சாரு. நிப்பாட்டு."

நிறுத்தினேன். இறங்கிய பெரியவர் அப்பாவைப் பார்த்து நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

6

கடைசி நிறுத்தத்தில் எனக்கு ஒன்பது நிமிடம் ஓய்வு. எல்லோரும் இறங்கியதும் இன்ஜினை அணைத்தேன். மழை மட்டும் கூரையில் தட்டிக்கொண்டிருந்தது.

"எத்தன வருசமா ஓட்டுத?"

"நாலு."

"ஆபீசர் வேல?"

"அப்படி ஒண்ணும் கெடையாதுப்பா. மொதல்லேருந்தே இதுதான்."

"என்ட்ட ஏன் சொல்லல?"

"நீங்க வருத்தப்படுவீங்கன்னு."

அப்பா ஈரக் குடையை மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்தார். "பரிட்சையெல்லாம் உண்டும்லா இதுக்கு?"

எல்லாவற்றையும் சொன்னேன். விண்ணப்பங்கள், வாழ்த்துக் கடிதங்கள், கம்பத்தில் இடித்தது, இரண்டு முறை தோற்றது. அந்த இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"ரெண்டு தடவ ஃபெயிலானியா?"

"ஆமா."

"அன்னைக்கி யார்ட்ட சொல்லி அழுத?"

யாரிடமும் இல்லை. முதல் தடவை டிப்போவின் கழிவறையில். இரண்டாவது தடவை ஒரு பூங்காவில், பக்கத்தில் ஜெனி தள்ளுவண்டியில் தூங்க.

அப்பாவின் கண் அப்போதுதான் கலங்கியது. "பஸ்ஸு ஓட்டுதது எனக்கு ஒண்ணுமில்லளா. கப்பல்ல கேப்டன்லேருந்து சமையக்காரன் வரைக்கும் எல்லார் கூடயும் உக்காந்து சாப்பிட்டவன் நான். ரெண்டு தடவ ஃபெயிலாயிருக்க. எனக்குத் தெரியாமப் போச்சே. நான் அன்னைக்கி என்ன செஞ்சிட்டு இருந்தேன்? டிவி பாத்துட்டு இருந்திருப்பேன்."

நான் ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதேன். அவர் எழுந்து வந்து, அந்தக் கண்ணாடித் தடுப்புக்கு மேலே கையை நீட்டி, என் தலையில் வைத்தார். தொப்பிக்கு மேலேதான் வைக்க முடிந்தது. பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"இன்னும் ரெண்டு நிமிசந்தான் இருக்கு. மொகத்தத் தொட. லேட்டாப் போகக்கூடாது."

நான் முகம் துடைத்து, கண்ணாடியைச் சரிசெய்தபோது பின்னாலிருந்து வேறு குரலில் கேட்டார்: "இது மொத்தம் எத்தன மீட்டரு?"

"பதினெட்டு."

"பதினெட்டா! நடுவுல வளைஞ்சி வருதே, அதுல உக்காந்தா எப்படி இருக்கும்?"

"போய் உக்காந்து பாருங்க."

"வேண்டாம். நீ ஓட்டுதத இங்கன இருந்துதான் பாக்க முடியும்."

அன்றைக்கு அவர் இறங்கவில்லை. என் வேலை முடியும்வரை, துறைமுகத்துக்கும் ஊருக்கும் ஐந்து நடை. சட்டைப் பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்து ஏதோ எழுதிக்கொண்டே வந்தார். மதியம் டிப்போவில் அவரை டனுட்டாவுக்கு அறிமுகப்படுத்தினேன். அவளிடமும் "மோயின்" என்றார், போலந்து மொழியிலும் ஒரு வணக்கம் சொன்னார். அவள் தன் சாப்பாட்டுப் பெட்டியை அப்படியே அவரிடம் கொடுத்துவிட்டாள்.

வேலை முடிந்ததும் எழுதியதைக் காட்டினார். கப்பல் கிளம்பும்போது ஏஜென்ட் ஓர் அறிக்கை எழுதுவார். எத்தனை மணிக்கு வந்தது, எப்போது கட்டியது, எதனால் வேலை நின்றது என்று நிமிடக் கணக்காக. அதே பாணியில், ஆங்கிலத்தில், நிறுத்தம் நிறுத்தமாக எழுதியிருந்தார். "12.06 வந்து சேர்ந்தது. 12.09 புறப்பட்டது. தாமதத்துக்குக் காரணம், சக்கர நாற்காலியில் ஓர் அம்மாள். ஓட்டுநர் தானே இறங்கிப் பலகையை விரித்தார். 12.31 பலத்த மழை. வேலை நிற்கவில்லை. 1.15 சைக்கிள்காரர் ஒருவர் குறுக்கே வந்து திட்டினார். ஓட்டுநர் பதிலுக்குத் திட்டவில்லை." இப்படி நான்கு பக்கம். கடைசியில் ஏஜென்ட் என்ற இடத்தில் தன் கையெழுத்து. பக்கத்தில் ஒரு கோடு காலியாக இருந்தது.

"அங்கன நீ போடணும். அது கேப்டன் போடுத எடம்."

7

வீட்டுக்கு வந்து சட்டையைக் கூட மாற்றவில்லை. "போனக் குடு," என்றார். ஏஜென்சி காகிதத்தில் தப்பு இருந்தால் அதைத் திருத்தி எல்லோருக்கும் மறுபடி அனுப்பியாக வேண்டுமாம். யார் யாரிடம் என்னை ஆபீசர் என்று சொல்லியிருக்கிறாரோ அத்தனை பேரையும் ஒவ்வொருவராக அழைத்தார். ஒலிபெருக்கியைப் போட்டுக்கொண்டுதான். நான் அடுப்படியில் பூசணிக்காய் வெட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.

"ரூபி, நான் உன்ட்ட சொன்னது தப்பு. கிருபா ஆபீசர் இல்ல. பஸ் டிரைவர்."

"என்னண்ணே சொல்லுதிய? டிரைவரா?"

"ஆமா. பதினெட்டு மீட்டர் வண்டி. இன்னைக்கி நான் ஏறிப் பாத்துட்டேன்."

"இன்ஜினியர் படிச்ச பிள்ளையாச்சே அண்ணே."

"அதான் நல்லா ஓட்டுதா."

"வெளிய சொல்ல வேண்டாம்ணே. நம்மளோட இருக்கட்டும்."

"வெளியதான் சொல்லிட்டு இருக்கேன். நீ ஒம்பதாவது ஆளு."

சபைப் பாடகர் குழுத் தலைவர், பழைய ஏஜென்சி நண்பர்கள் இரண்டு பேர், பக்கத்து வீட்டு அண்ணாச்சி என்று வரிசையாகப் போனது. எப்போதோ கூட வேலை பார்த்து ஓய்வுபெற்று இப்போது விளாத்திகுளத்தில் இருக்கிற ஒருவர், தன் பேத்திக்கு அந்த வேலை கிடைக்குமா, என்ன படிக்க வேண்டும் என்று விவரம் கேட்டார். என்னிடம் கேட்டுச் சொல்வதற்காக அப்பா அதையும் குறித்துக்கொண்டார்.

ஜெனி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என்னிடம் வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "நான் மொதல் வீக்கே சொன்னேன். யாரும் ஸுஹோரன் பண்ணல." ஸுஹோரன் என்றால் காது கொடுத்துக் கேட்பது. தமிழில் அதற்கு வார்த்தை உண்டு என்று அப்போது அவளுக்குத் திருத்தம் சொல்லும் தகுதி எங்கள் இரண்டு பேருக்கும் இல்லை.

மீதி எட்டு நாளும் அப்பா என் வண்டியில்தான். யென்ஸ் அந்த அறிக்கையைப் படித்துவிட்டு ஒரு நகல் வேண்டும் என்றார். டிப்போ அறிவிப்புப் பலகையில் அது இன்னும் இருக்கிறது. புதிதாகச் சேர்கிறவர்கள் நின்று படிக்கிறார்கள். சைக்கிள்காரரை ஓட்டுநர் திட்டவில்லை என்ற வரியில் எல்லோரும் சிரிக்கிறார்கள், ஏனென்றால், நானே அவர்களிடம் சொன்னபடி, வீட்டுக்குப் போகும் வழியில் நான் அவனைத் திட்டினேன். தமிழில்.

8

ஊருக்குத் திரும்புகிற அன்று அப்பா சொன்னது ஒன்றுதான். "இனிமே எதுலயாவது தோத்தா அன்னைக்கே எனக்குத் தெரியணும். ஜெயிச்சத மெதுவாச் சொல்லு, போதும்."

சரி என்று சொல்லிவிட்டேன். சொல்வது சுலபம்.

போன மாதம் ஒரு தேர்வு எழுதினேன். புதிய ஓட்டுநர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலைக்கு. யென்ஸ்தான் வற்புறுத்தி அனுப்பினார். எழுத்துத் தேர்வு நன்றாகப் போனது. நேர்முகத்தில் மூன்று பேர் எதிரே உட்கார்ந்து கேட்டதற்கு எனக்கு ஜெர்மன் வாயில் சிக்கிக்கொண்டது. பாதி வாக்கியத்தில் வினைச்சொல்லைத் தொலைத்தேன். காலை பத்து மணிக்கு முடிவு சொல்லிவிட்டார்கள். இல்லை.

படிக்கட்டில் உட்கார்ந்தேன். கைப்பையில் கைக்குட்டை தேடினேன். எங்கே கழிவறை இருக்கிறது என்றுதான் முதலில் பார்த்தேன், பழக்கம். பிறகு போனை எடுத்தேன்.

ஊரில் மதியச் சாப்பாட்டு நேரம். அப்பா முத்தையாபுரத்தில் வழக்கமாகச் சாப்பிடுகிற மெஸ்ஸில் இருந்தார். பாத்திரச் சத்தம், டிவியில் ஏதோ பாட்டு, யாரோ மீன்குழம்பு கேட்டுக் கத்துகிறார்கள்.

"சொல்லுளா. என்ன இந்த நேரத்துல?"

"அப்பா, நேர்முகத்துல போச்சு." படிக்கட்டில் ஏறி இறங்குகிறவர்கள் பார்க்கப் பார்க்க, முப்பத்தெட்டு வயதில், விம்மி விம்மி அழுதேன்.

அப்பா போனை வாயிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துச் சொன்னது தெளிவாகக் கேட்டது. "அண்ணாச்சி, அந்த டிவியக் கொஞ்சம் கொறைங்க. பிள்ளை அழுவுது."

பாட்டு நின்றது. பாத்திரச் சத்தம் நின்றது. மீன்குழம்புக்காரரும் நிறுத்திவிட்டார். மின்விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"நீ அழு. நான் இங்கனதான் இருக்கேன்," என்றார் அப்பா.

அழுதேன். அவர் சமாதானம் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து முதலாளி அண்ணாச்சியின் குரல் கேட்டது: "பிள்ளைக்கு என்னவாம்?"

"பரிட்சைல போச்சாம். பேச்சுப் பரிட்சை."

"எழுத்துல?"

"அதுல பாஸு."

"அப்ப பாதிக் கெணறு தாண்டியாச்சுலா. பேச்சுதான, பேசப் பேச வந்துரும்னு சொல்லுங்க."

மூலையிலிருந்து யாரோ, எனக்கு முகம் தெரியாத ஒருவர், "மறுக்கா எப்ப வைக்கானாம்?" என்று கேட்டார். எனக்கு அழுகைக்கு நடுவில் சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த மாதம் என்றேன். அப்பா அதை உரக்கத் திருப்பிச் சொன்னார். அங்கே ஒரு சலசலப்பு, ஆளுக்கு ஒரு யோசனை. பிறகு பாத்திரங்கள் மறுபடி சத்தம் போட ஆரம்பித்தன.

இப்போது டனுட்டாவைப் பரீட்சை அதிகாரியாக உட்காரவைத்துத் தினமும் பேசிப் பழகுகிறேன். அவள் ஜெர்மனும் என் ஜெர்மனைப் போலத்தான், ஆனால் முறைத்துப் பார்ப்பதில் கெட்டிக்காரி. தேர்வு வருகிற பதினேழாம் தேதி. முடிவு என்னவானாலும் அன்றைக்கே சொல்லியாக வேண்டும், அப்பாவுக்கு மட்டும் இல்லை. முத்தையாபுரத்தில் ஒரு மெஸ் முழுக்கக் காத்துக்கொண்டிருக்கிறது.